ஊமத்தை மாலையும் என் வலது கண்ணும்

11 ஜூன் 1961, ஞாயிறு
காலையிலிருந்து படிக்க முடியவில்லை. இடது கண்ணுக்கு எழுத்து எழுத்தாக இருக்கிறது; வலது கண்ணுக்கு எறும்பு ஊர்கிறது. வாசலுக்குப் போனால் வெயில் கூசுகிறது. நேற்று சனிப் பிரதோஷக் கூட்டத்தில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடியே வரலை, பாத்தியா என்றாள்.

நாளை டாக்டர் சோதனை. சென்னையில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. உடம்புத் தகுதிச் சான்று ஒன்றுதான் பாக்கி. குருக்கள் வீட்டுப் பெண் பிணம் அறுக்கப் போகிறாளாம் என்று மாட வீதி முழுக்கப் பேச்சு. பேசட்டும்.

12 ஜூன்
டாக்டர் கோதண்டராமன் டார்ச் அடித்துப் பார்த்தார். "வலது கண்மணி விரிஞ்சே இருக்கே. வெளிச்சம் பட்டா சுருங்கணும். இருபத்தெட்டாம் தேதி வாங்க, பாக்கலாம்."

கூட வந்த அப்பா, வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்கத்தில் அந்தத் தேதியைக் குறித்துவைத்தார்.

21 ஜூன்
கண் தானே சரியாகிவிட்டது! இப்போதே போகலாம் என்றேன். "சொன்ன தேதிக்குப் போனாப் போறும்" என்றார் அப்பா. நான் போகாமல் இருந்தால் போதும் அவருக்கு.

26 ஜூன்
பிரதோஷம். சோதனை நல்லபடி முடிய வேண்டுமென்று அம்மா வேண்டிக்கொண்டாள். அதனால் சுவாமிக்கு ஊமத்தம்பூ மாலை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினேன். வேலூரில் படித்தபோது இது அம்மாவின் வேலை. விடுமுறையில் என் தலையில் விழுந்திருக்கிறது. காம்பைக் கிள்ளிக் கிள்ளி நகமெல்லாம் பச்சை.

28 ஜூன்
மறுபடியும்! முன்னைவிடப் பெரிதாக!

கண்மணியைச் சுருக்கும் மருந்து என்று பைலோகார்பின் விட்டு பெஞ்சில் உட்காரவைத்தார் டாக்டர். இடது கண்மணி கடுகாகச் சுருங்கியது. வலது அசையவில்லை. "நரம்புல கோளாறு. தலைக்குள்ள என்ன இருக்கோ! சான்று தர முடியாது."

"சுவாமியே வேண்டாம்னுட்டார். காஞ்சீபுரத்துக்கு எழுதிடறேன்" என்றார் அப்பா. காஞ்சீபுரம் என்றால் அத்தை பிள்ளை மௌலி. நல்லவன்தான். அவன் நல்லவன் என்பதற்காக நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்?

29 ஜூன்
அழமாட்டேன்.

3 ஜூலை
கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொய்தான். இருக்கட்டுமே.

கண் வார்டில் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டு கண்ணும் என் வலது கண் மாதிரியே இருந்தன. இவருக்கு என்ன வியாதி என்று நர்ஸ் சரோஜாவைக் கேட்டேன். "வியாதியெல்லாம் இல்லம்மா, மருந்து ஊத்தியிருக்கோம். அட்ரோபின். ஒருவாட்டி ஊத்துனா பத்து நாளைக்குக்கூட இப்டியே நிக்கும். ஊமத்தைல இருக்கறதும் இதே சரக்குதான். கைய கழுவாம கண்ணுல வெச்சிக்காதீங்கன்னு பெரிய நர்ஸு எங்களயே திட்டுவாங்க."

ஊமத்தையா? மாலை கட்டும்போது வியர்வை வழிந்தால் எந்தக் கையால் துடைக்கிறேன்? வலது கையால். எந்தக் கண்ணை?

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவைக் கேட்டேன். "எனக்கும்தான் மறுநாள் மங்கும். சூடுன்னு விளக்கெண்ணெய் வெச்சுப்பேன்." இத்தனை வருஷமாக! அம்மா, அம்மா!

5 ஜூலை
சரோஜா தன் பாடப் புத்தகத்தைக் கொடுத்தாள். அகராதியை வைத்துக்கொண்டு உடைத்து உடைத்துப் படித்தேன்.

கண்மணியைச் சுருக்க ஒரு தசை இருக்கிறது. நரம்பின் நுனியிலிருந்து ஒரு சரக்கு சுரந்து அந்தத் தசையில் போய் உட்கார்ந்தால்தான் அது சுருங்கும். ஊமத்தைச் சாறு முன்னாடியே போய், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தானும் வேலை செய்யாது, வருகிறவனையும் உட்கார விடாது.

பைலோகார்பினும் அதே இடத்தில் உட்கார வேண்டிய மருந்துதான். அதற்கு நரம்பின் தயவு வேண்டாம். என் நரம்பு கெட்டிருந்தால் இடம் காலியாக இருந்திருக்கும், கண்மணி சுருங்கியிருக்கும். சுருங்கவில்லையே! என் நரம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு டாக்டரே சோதனை செய்துவிட்டு, அவரே எனக்கு வியாதி என்று எழுதியிருக்கிறார்.

விடமாட்டேன். பதினைந்தாம் தேதிக்குள் கல்லூரியில் சேர வேண்டும்.

8 ஜூலை, சனி
தனியாகப் போகிறேன் என்றேன். ஊர் என்ன சொல்லுமோ என்று அப்பா கூடவே வந்தார்.

"ஊமத்தம்பூவா? எனக்கே பாடம் நடத்தறியா?" என்றார் டாக்டர். என் கண் இப்போது சரியாகிவிட்டதே என்றேன். "வந்து வந்து போச்சுன்னா இன்னும் மோசம்." வாழையிலையில் மடித்துக் கொண்டுபோன ஊமத்தங்காம்பை எடுத்து இடது கண்ணுக்குக் கொண்டுபோனேன். அவர் சிரித்தார். "விரியட்டும். ரெண்டு கண்ணும் கோளாறுன்னு எழுதறேன்."

கை நின்றுவிட்டது. எழுதத்தான் எழுதுவார். என் கண் எனக்குச் சாட்சி ஆகாது.

அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது கெட்ட வியாதியாலகூட வரும், குருக்களே. ரத்தத்தைச் சோதிச்சுடுங்க" என்றார்.

"யாரைப் பார்த்து என்ன சொல்றேள்?" அப்பா என் கையிலிருந்த காம்பைப் பிடுங்கினார், நசுக்கினார், தன் வலது கண்ணிலேயே தேய்த்துக்கொண்டார். "எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. ஒரு கோளாறும் கிடையாது. முதல்ல டார்ச் அடிச்சுப் பாத்துக்கோங்கோ. அப்புறம் இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

உட்கார்ந்தார். கோயில் உச்சிக்காலத்தைக் கபாலி சித்தப்பா பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார். மத்தியானம் அவர் கண்ணில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. டாக்டர் பைலோகார்பின் விட்டார். அசையவில்லை. மறுபடி விட்டார். இல்லை.

டார்ச்சை அணைத்துவிட்டு, "நரம்புக் கோளாறா இருந்தா இதுக்குச் சுருங்கியிருக்கணும், இல்லே?" என்றார்.

"அதைத்தான் காலையிலேருந்து சொல்லிண்டிருக்கேன், டாக்டர்."

எழுதிக் கொடுத்தார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார், ஒரு கண்ணை மூடியபடி. என்னைப் படிக்கப் போ என்று மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை.

10 ஜூலை
சோமவாரப் பிரதோஷம். நாளைக் காலை எனக்குச் சென்னை பஸ். அம்மா பட்சணம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் மட்டும் கோயிலுக்குப் போனேன்.

அப்பா கற்பூரத் தட்டை எடுத்து வந்தபோது வெளிச்சம் தாங்காமல் வலது கண்ணில் நீர் கொட்டியது. தட்டில் கை வைத்த பெரியவர் ஒருவர், "கண்ணுக்கு என்னங்க சாமி? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார்.

"டாக்டர் ஆத்துலயே இருக்கா" என்றார் அப்பா.