குடும்பத்தோடு பார்க்கத் தகாதது

என் வாயாடி மகளுக்கு,

நாங்க ரெண்டு பேரும் உடம்புக்கு நல்லா இருக்கோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நம்பறேன். மனசு நல்லா இருக்கான்னு மட்டும் கேக்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கப்பா காலையிலேயே சட்டையை மாட்டிக்கிட்டு இன்டர்நெட் கம்பெனி ஆபீசுக்குப் போனவர் இன்னும் வரல, போனையும் மேஜை மேலேயே வச்சிட்டுப் போயிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளல. பால்கனிக்கும் உள்ளுக்குமா நடந்தாச்சு, அடுப்பை அணைச்சேனான்னு வேற சந்தேகம், போய்ப் பார்த்தா அணைச்சுதான் இருக்கு. சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்னு உனக்கு எழுத உக்காந்தேன். இதெல்லாம் போன்ல சொல்ல முடியல, நான் பேசினா உங்கப்பா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு நிப்பார், வீடியோவுல கூப்பிட்டாலோ உன் மூஞ்சி பாதியில உறைஞ்சு போய் நிக்குது. அது ஏன்னும் சொல்றேன்.

உங்கப்பா பிளாட் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலிருந்து கால் தரையில படல. மாடிப்படி விளக்கு, தண்ணி மோட்டார் எல்லாம் முடிஞ்சு, மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே இன்டர்நெட் லைன் வாங்கித் தர்றேன்னு கிளம்பினார். கம்பெனிக்காரன் வந்து குடும்பப் பேக்னு ஒரு திட்டத்தை நீட்டினான். குழந்தைங்க கெட்டது எதையும் பார்த்துட முடியாது, நாங்களே வடிகட்டித் தருவோம், செல்போனுக்கும் சேர்த்து எடுத்தா சலுகைன்னு தேனொழுகப் பேசினான். உங்கப்பா வீடு வீடா ஏறி இறங்கி எல்லாரையும் சம்மதிக்க வச்சார். கீழ்வீட்டு டெய்லர் மட்டும், எதை வடிகட்டறதுன்னு யாருங்க முடிவு பண்றதுன்னு கேட்டார், உங்கப்பா அவரைக் குதர்க்கம் பேசாதீங்கன்னு அடக்கிட்டார். லைன் வந்த புதுசுல கம்பெனியோட சொந்த டிவி, சொந்தச் செய்தி எல்லாம் பறந்துது, நீ கூப்பிடற வீடியோ மட்டும் ஊர்ந்துது. அவங்களோட ஆப்ல பேசினா தெளிவா இருக்கும்னு சொன்னாங்க, நீ அதைப் போட மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னே. இவளுக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்னு எனக்கு உன் மேலதான் கோபம்.

அப்புறம்தான் உன் பெரிய கட்டுரை வந்திருக்கு, படிங்கன்னு நீ லிங்க் அனுப்பினே. வருஷம் பூரா அதுக்குத்தானே நாயா அலைஞ்சே. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஆசையா அமுக்கினேன். சிவப்பா ஒரு பலகை வந்து நின்னுது. இந்தப் பக்கம் குடும்பத்தோடு பார்க்கத் தகாததுன்னு எழுதியிருந்துது, கீழே பொடி எழுத்துல ஆபாசம், ஒவ்வாதவைன்னு வேற. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. செய்தித் தளம்னு சொன்னாளே, நிஜமாவே அங்கேதான் வேலை பார்க்கறாளா, தனியா இருக்கற பொண்ணு யார்கிட்டயாவது ஏமாந்துட்டாளான்னு என்னென்னமோ ஓடுச்சு. திட்டணும்னா திட்டு, நான் அப்படித்தான் நினைச்சேன். எப்படிம்மா இருந்துதுன்னு நீ கூப்பிட்டுக் கேட்டப்போ டீ பொங்குதுன்னு சொல்லி வச்சேனே, டீயும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் பின்னாடி தெரியற கதவு யார் ரூம், அந்தப் புதுச் சட்டை யார் வாங்கித் தந்ததுன்னு துருவித் துருவிக் கேட்டேனே, அது ஏன்னு இப்போ புரிஞ்சிருக்கும். உங்கப்பாவுக்குப் பொடி எழுத்து தெரியாது, என்னைத்தான் படிச்சுக் காட்டச் சொல்வார், நான் இன்னிக்குத் தலைவலி, நாளைக்குக் கைவேலைன்னு மென்னு முழுங்கிட்டு இருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் நம்ம வீட்டுக்கு வந்து உக்காந்து, உங்க பொண்ணு கட்டுரை வந்திருக்காமேன்னு தன் போன்லயே திறந்துட்டாங்க. அதே சிவப்புப் பலகை. அந்த அம்மா போனைக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டு மழை வரும்போல இருக்குன்னு எழுந்து போயிட்டாங்க. வெளியில வெயில் கொளுத்துது. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

நேத்து டீச்சர் வீட்டு லைனைப் பார்க்க ஏணி வந்திருந்தார். கம்பெனியில கம்பம் ஏறி லைன் இழுக்கறவர், ஆள் அவ்வளவு உயரம், எல்லாரும் ஏணின்னுதான் கூப்பிடறது. மானம் போனாப் போகுதுன்னு அவரை உள்ள கூப்பிட்டு, இது என்ன பக்கம்னு பாருங்கன்னு போனை நீட்டினேன், உன் பேரைச் சொல்லல. பார்த்துட்டுக் கீழே இறங்கிப் போயிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே திரும்பி வந்தார். அக்கா, இதுல ஆபாசம் ஒண்ணும் இல்ல, இது எங்களைப் பத்தி எழுதினது, பாதுகாப்பு பெல்ட் இல்லாம கம்பத்துல ஏறி விழுந்தவங்களைப் பத்தி, என் கூட வேலை பார்த்தவனோட படமும் இருக்கு, கீழே போய் வேற கம்பெனி லைன்ல படிச்சேன்னார். எழுதினது என் பொண்ணுன்னு சொன்னேன். அவ்வளவுதான், அந்த மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எல்லாமே திறக்கற பேக்னு இன்னொண்ணு இருக்குக்கா, கேட்டாதான் சொல்லணும்னு எங்களுக்கு உத்தரவு, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கன்னார். அவர் போனப்புறம் நான் அழுத அழுகை, சந்தோஷமா வெக்கமா ஆத்திரமான்னு எனக்கே தெரியல. பாவிங்க, அவங்க குத்தத்தை மறைக்க என் பொண்ணு மேல சேத்தை வாரி அடிச்சிருக்காங்க, நானும் அதை நம்பியிருக்கேன் பாரு.

இன்னிக்குக் காலையில உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன், ஏணி பேரை மட்டும் விட்டுட்டேன். குதிப்பார்னு பார்த்தேன், குதிக்கல. சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். இதோ கீழே அவர் செருமற சத்தம் கேக்குது, இரு வர்றேன்.

வந்துட்டார். நாம ஒண்ணு நினைச்சா அவர் ஒண்ணு பண்ணிட்டு வந்திருக்கார். பேக்கை மாத்தலாம் சார், ஆனா இந்தப் பக்கம் திறக்கணும்னா குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடணும்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு ஒரு தாளை நீட்டியிருக்கு. குடும்பத்துக்கு ஒவ்வாத ஆபாசப் பக்கங்களைப் பார்க்க நானே விரும்பிக் கேக்கறேன்னு அதுல அச்சடிச்சிருக்காம். இது சும்மா ஃபார்மாலிட்டி சார், எல்லாரும் போடறதுதான்னுச்சாம். அப்போ அந்த வரியை அடிச்சிட்டுக் குடும்மா, போடறேன்னு இவர் சொல்லியிருக்கார். அது முடியாதாம். என் பொண்ணு எழுதினதை அசிங்கம்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமான்னு அத்தனை பேர் நடுவுல கத்திட்டு, நம்ம வீட்டு லைனையே வேண்டாம்னு வெட்டிட்டு வந்துட்டார். எனக்கு வந்துதே கோபம்! நானா இருந்தா பத்துத் தடவை போட்டிருப்பேன், தாள்ல என்ன எழுதியிருந்தா என்ன, எனக்கு நீ எழுதினது வேணும், உறைஞ்சு நின்னாலும் உன் மூஞ்சி வேணும். நல்லா சண்டை போட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு மறுபடியும் செருப்பை மாட்டினார். நான் சொல்லித்தானே எல்லாரும் இதை எடுத்தாங்க, போய்ச் சொல்லிட்டு வர்றேன், வச்சுக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம், ஆனா தெரியாம எடுத்தது எப்படி இஷ்டம் ஆகும்னார். முதல்ல டெய்லர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்னு நினைக்கறேன், அங்கேருந்துதான் பேச்சுக் குரல் வந்துது. அப்புறம் எதிர்வீட்டுல டீச்சரோட குரல். இப்போ மேல் மாடியில யாரோ, இன்னிக்கு மேட்ச் இருக்கு சார், நாளைக்குப் பேசலாம்னு சத்தம் போடறாங்க.

புது லைன் எப்போ வரும்னு தெரியல, அதுவரைக்கும் சாதாரண போன்ல கூப்பிடு. அந்தக் கட்டுரையைப் பெரிய எழுத்துல அச்செடுத்துத் தபால்ல அனுப்பு, மறந்துடாதே, டீச்சருக்கு நானே கொண்டு போய்க் குடுக்கணும், அதனால ரெண்டா அனுப்பு. ராத்திரி கதவை ரெண்டு தாழ்ப்பாளும் போட்டுட்டுப் படு. பெரிய ஆளுங்களோட மோதியிருக்கே, எனக்குப் பயம்தான், ஆனா எழுதாதேன்னு சொல்ல வாய் வரல. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் கண்ணு, யாருக்கும் தலை குனியாம இருக்கணும். நான் கண்ணால ஒரு பலகையைப் பார்த்துட்டு உன்னை என்னமோன்னு நினைச்சேன். உங்கப்பா நீ எழுதினதுல ஒரு எழுத்துகூடப் படிக்கல, உனக்காக மாடி மாடியா ஏறிக்கிட்டு இருக்கார்.

உன்னைச் சந்தேகப்பட்ட
அம்மா