வாத்தியார் எழுதாத கடிதம்

ரெட்டியார்சத்திரம்,
பிலவ வருசம், தை மாதம் 20.

பட்டணத்தில் காலேஜ் ஆஸ்டல் சமையல்காரர் ஞானதாஸ் அவர்களின் சம்சாரம் ஜெயமேரி அம்மாளுக்கு, நல்லுசாமியைப் பெத்தவள் ராமுத்தாய் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம்னு எழுத மாட்டேன். ஏன்னு பின்னால சொல்றேன்.

உங்க கடுதாசி வெள்ளிக்கிழமை வந்துச்சு. எழுத்து முத்து முத்தா இருக்கு. எட்டாவது வரைக்கும் படிச்சவுகளா நீங்க? நான் மூணாவதோட சரி. எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்க ஒரு பொழுதாச்சு. பாதி படிக்கையிலே கொழுந்தன் பெண்டாட்டி மாயம்மாள் வந்து எட்டிப் பார்த்தா. "என்னக்கா, உம் மகனுக்குப் பட்டணத்துல ஒரு ஆத்தா கெடைச்சுட்டாளாமே, இனி ஒனக்கு வேலை மிச்சம்"னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அவ போன பிறகு வெங்காயத் தோட்டத்துல களை எடுக்குறேன்னு நல்ல பயிரைப் பிடுங்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை தோறும் உங்க வீட்டுல மீன் குழம்பு சாப்பிடுறான்னு எழுதியிருந்தீங்க. இந்த வீட்டுல மீன் வாசம் பட்டாலே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போயிருவான். பதினெட்டு வருசம் அவனுக்குன்னு தனியா வெஞ்சனம் வைச்சவ நான். பரவாயில்லை, சாப்பிடட்டும். ஆனா உங்க மடியில தலை வைச்சு அழுதான்னு ஒரு வரி எழுதியிருந்தீங்களே, அதை எழுதாம விட்டிருக்கலாம். அஞ்சு வயசுக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. அவன் அப்பா போனதுக்குக்கூட என் முன்னால அழலை.

அவன் தூங்குறதில்லை, பாடம் மண்டையில ஏறலை, மாதிரிப் பரீட்சையில வெறும் தாளைக் கொடுத்துட்டு வந்துட்டான், ஊர்க் கடுதாசி ஒன்பதும் பிரிக்காம டிரங்குப் பெட்டியில கிடக்கு. இம்புட்டும் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தாயி. மறைக்க மாட்டேன்.

அவன் உங்ககிட்ட எம்புட்டுச் சொன்னானோ தெரியலை. நடந்ததை நான் சொல்றேன். அவன் சொன்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருந்தா அவன் சொன்னதையே நம்புங்க.

போன பங்குனியில அவன் அப்பா கிணத்துல கமலை ஓட்டித் தண்ணி இறைச்சுக்கிட்டிருந்தாக. மாடு நின்னுருச்சு, என்னன்னு போய்ப் பார்த்தா அவுக வடக்கயித்து மேல சாய்ஞ்சு கிடக்காக. நெஞ்சடைப்புன்னாங்க. அன்னைக்கு அவனுக்குப் பரீட்சை தொடங்கி மூணாம் நாள். தந்தி கொடுக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கூடாதுன்னேன். இவன் பாஸ் பண்ணணும்னுதான் அவுக காட்டுல கிடந்து மாடா உழைச்சாக. "தலைப்பிள்ளை இல்லாம எடுக்குறதா?"ன்னு பெரியவுக கேட்டாக. "பரீட்சைதான் அவன் போடுற கொள்ளி"ன்னு நான் வாய் கூசாமச் சொன்னேன். கொழுந்தன் மகன் கருப்புசாமி கொள்ளி வைச்சான்.

அதோட விட்டிருக்கலாம். அவுகளுக்கு எழுதத் தெரியாது. எப்பவும் ராயப்பராஜ் வாத்தியார்தான் அவுக சொல்லச் சொல்ல மகனுக்கு எழுதுவாரு. வாராவாரம் வர்ற கடுதாசி நின்னா அவனுக்குச் சந்தேகம் வந்துருமேன்னு வாத்தியாரைக் கூப்பிட்டேன். "பாவம் தாயி, செத்தவுக பேருல எழுதச் சொல்லாதே"ன்னாரு. நான் அவர் காலைப் பிடிச்சேன். ரெண்டு கடுதாசி போச்சு. ரெண்டாவது கருமாதி அன்னைக்கு. இங்கே பந்திக்குச் சோறு வேகுது, அங்கே வாத்தியார் எழுதுறாரு: "இங்கு நானும் உன் தாயும் சுகம். நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு படி. இப்படிக்கு உன் தகப்பன்."

பரீட்சை முடிச்சு வந்தான். அப்பாவுக்குன்னு புதுச் செருப்பு வாங்கிட்டு வந்திருந்தான். வாசல்ல வைச்சுட்டு நிமிர்ந்தவன் என் கழுத்தைப் பார்த்தான். பிறகு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "அந்தக் கடுதாசி ரெண்டும் யாரு எழுதுனது?" நான் சொன்னேன். சரின்னான். பன்னெண்டு நாள் இருந்தான், போடுறதைச் சாப்பிட்டான், போயிட்டான். பரீட்சையில முதல் வகுப்புன்னு சேதி வந்தப்போ, பார்த்தீங்களா, நான் செஞ்சதுதான் சரின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். பொங்கலுக்குக்கூட அவன் வரலை, அப்பவும் எனக்கு உறைக்கலை.

ஏன்டா பிரிக்கலைன்னு நீங்க கேட்டதுக்கு அவன் சொன்ன பதிலை எழுதியிருந்தீங்க. "பிரிச்சா எல்லாரும் சுகம்னுதான் இருக்கும். அதைப் படிச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு." இந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். பிள்ளையைப் படிக்க வைக்கிறேன்னு அவனுக்கு நம்புறதுக்கு ஒண்ணுமில்லாம ஆக்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்காரு, கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம், பைத்தியம்னு பேர் கட்டிருவாங்கன்னு எழுதத்தான் தாளை எடுத்தேன். ஊர் வாய்க்குப் பயந்தா நான் திரும்பவும் அதே தப்பைச் செஞ்சதாகும். கூட்டிட்டுப் போங்க. நீங்க வேதக்காரவுக. இவனுக்காகக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனதா எழுதியிருந்தீங்க. அதுக்கும் எனக்குப் பொறுக்கலை. மறுநாளே எங்க சாமிக்கு ரெண்டு விளக்காப் போட்டேன்.

அந்த ஒன்பது மாதிரி இந்தக் கடுதாசி வாத்தியார் எழுதுனதில்லை. காலேஜ் பையனுக்கு என் எழுத்துல போனா கூட இருக்கிறவுக சிரிப்பாங்கன்னு இதுவரைக்கும் நான் எழுதினதேயில்லை. சின்னதுல அவன் சிலேட்டுல நான் எழுதிக் காட்டுனதைப் பார்த்துட்டு, "ஆத்தா எழுத்தைக் கோழிதான் படிக்கணும்"னு சொல்லுவான். இதை அவன்கிட்டக் காட்டுங்க. கோழி கிளறின மாதிரி இருக்குல்ல, பார்த்ததும் தெரியும்.

ஏலே நல்லு, இது உனக்கு அப்பு. சுகம் இல்லை. வலது காளை மார்கழியில செத்துப்போச்சு. வெங்காயம் பாதி அழுகிருச்சு. எனக்கு முழங்கால் வீங்கி மாட்டுக்கு வைக்கோல் எடுத்துப் போட முடியலை, கருப்புசாமிதான் போடுறான். உன் அப்பா செருப்பை நான் யாருக்கும் கொடுக்கலை. நான் உசுரோட இருக்கேன். இது அம்புட்டும் நெசம்.

பங்குனி பதினாலு அவுகளுக்கு வருசத் தெவசம். உன் கையால எள்ளும் தண்ணியும் விடணும். அன்னைக்குத்தான் கடைசிப் பரீட்சைன்னு கேள்விப்பட்டேன். இருக்கட்டும். பரீட்சை மறு வருசமும் வரும். போன தடவை உன்னைக் கேக்காம நானே முடிவு பண்ணேன். இந்தத் தடவை நீ சொல்லு. எழுதணும்னா எழுது, எள்ளுத்தண்ணியை அமாவாசைக்கு விட்டுக்கலாம். ஃபெயிலானாலும் வா. படிப்பே வேண்டாம்னாலும் வா.

ஜெயமேரி தங்கச்சி, அவனைத் தனியா ரயிலேத்தாதீங்க. நீங்களும் கூட வாங்க. தெவசம் முடிஞ்ச மறுநாள் என் அடுப்புல மீன் குழம்பு வைச்சுக் காட்டுங்க. நானும் பக்கத்துல ஒரு குழம்பு வைக்கிறேன். எதுக்கு மறுசோறு கேக்குறான்னு பார்த்துருவோம்.

அதுவரைக்கும் அவனுக்கு அழுகை வந்தா அடக்கச் சொல்லாதீங்க. உங்க மடியிலேயே அழட்டும். ஆனா அம்புட்டையும் அங்கேயே அழுது தீர்த்துர விடாதீங்க தங்கச்சி. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைச்சுக் கூட்டிட்டு வாங்க.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய,
நல்லுசாமியின் ஆத்தா
ராமுத்தாய்