நான் ஓடவில்லை

ஃப்ளீட்வுட்,
புதன்கிழமை காலை

அன்புள்ள ஸ்டூவர்ட்,

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை நான்கு பத்துக்கு, நடிகர்களைத் தேர்வு செய்யும் ஹேலி மான்செஸ்டரிலிருந்து போன் செய்தாள். நான் அனுப்பிய வீடியோ கிடைத்துவிட்டது, இயக்குநர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். இது அவள் வாய்ச்சொல், எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை. நானும் அப்பாவும் நலம், அவருடைய இடுப்பை விட்டால். நீயும் நலம் என்றும், டொராண்டோ பனியில் கையுறை போட்டுத்தான் வெளியே போகிறாய் என்றும் நம்புகிறேன், இரண்டாவதற்கு ஆதாரம் கிடையாது.

உன் மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். "அம்மா, ரெண்டு நிமிஷ வேஷம். எழுதியிருக்கிறபடி ஓடிக் காட்டிட்டுப் போயேன். வாக்குவாதம் பண்றவங்கள யாரும் மறுபடி கூப்பிட மாட்டாங்க" என்று எழுதியிருந்தாய். நீ சொல்வது சரியாகவும் இருக்கலாம், பதினாறு வருடம் இந்த நடிப்புத் தொழிலில் இருக்கிறவன் நீ. அமெரிக்கக் கம்பெனிகள் கூட்டாகப் போட்டுவந்த பணம் வற்றி, ஆறு பாக டிவி தொடர்கள் நான்காகச் சுருங்கி, இங்கே வேலை இல்லாமல்தானே நீ அங்கே போய் அமெரிக்க உச்சரிப்பில் போலீஸ்காரனாக நடிக்கிறாய். ஆனால் இப்போது எடுக்கிற கொஞ்சத் தொடர்களில், நான் பார்த்தவரை, உண்மையில் நடந்த அநியாயங்களுக்குத்தான் மவுசு. அதற்காக இந்த வட இங்கிலாந்துக்கு வந்து, ஊர்ப்பேச்சு மாறாத அறுபது வயதுப் பெண்களைத் தேடுகிறார்கள். நம் மீன் குளிர்கிடங்குத் தீயும் அப்படித்தான் தொடராகிறது. அதில் வரும் பெண் நிருபர் வேஷத்துக்கு விண்ணப்பித்தேன், பதினைந்து வருடத்துக்கு முன் அந்த நிருபர் நான்தான் என்பதையும் எழுதினேன். ஹேலி சந்தோஷப்பட்டாள், ஆனால் வசனம் எழுதினபடியே வேண்டும் என்றாள்.

எழுதியிருந்தது இதுதான். கணவனை இழந்த நோரீன் கிடங்கு வாசலிலிருந்து அழுதுகொண்டு வருகிறாள், நிருபர் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் ஓடி, யார் மேல் குற்றம் சொல்கிறீர்கள் என்று கத்துகிறாள். ஆடிஷனை இப்போது வீட்டிலேயே எடுத்து அனுப்ப வேண்டும், எதிர் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வாசிக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். நான் நிஜ நோரீனையே கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அவள் சமையலறையில், துணி தேய்க்கும் பலகையில் முழங்கையை ஊன்றி அப்பா போனைப் பிடித்தார். நோரீன் கண்ணாடியை மாட்டி ஒரு பக்கம் படித்தாள், பிறகு தாளை மேஜையில் போட்டாள். "யாருடி இவ? நீ என் பின்னாடி ஓடுனியா? பஸ்ஸுக்கே ஓடாதவ நீ!" என்றாள். அப்பா சிரித்ததில் போன் ஆடி, முதல் வீடியோ வீணாய்ப் போயிற்று.

பிறகு சிரிப்பு நின்றது. அன்று நடந்ததை நீ முழுக்கக் கேட்டதில்லை. நான் அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஆலங்கட்டி மழையில் நாற்பது நிமிடம் நின்றேன், கூப்பிடவும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. அவளாகவே கதவைத் திறந்து, "பூட்ஸக் கழட்டிட்டு வா, கார்பெட் புதுசு" என்றாள். அவள் புருஷன் அன்று எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பினார் என்று மட்டும் கேட்டேன். நாலே முக்கால் என்றாள். அபாயமணி அடித்த பிறகு அனுமதியில்லாமல் உள்ளே போனார் என்ற நிறுவனத்தின் கதை, மரண விசாரணையில் அந்த நாலே முக்காலில்தான் உடைந்தது. மணி அடித்ததோ ஆறுக்கு, அதற்கு வெகு முன்பே அவர் உள்ளே வேலையில் இருந்தார். நான் ஓடியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது, ஸ்டூவர்ட். நோரீனின் புருஷன் தன் தப்பால் செத்தவராகவே இருந்திருப்பார். அதனால் அன்று உண்மையில் நடந்ததையே நடித்து அனுப்பினேன், ஓடுகிற வீடியோ ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஹேலியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்கிறாய், எழுத மாட்டேன். வேஷம் போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள், மறக்காமல் போன் செய், இடுப்பைப் பற்றி நீயாகக் கேட்காதே. அடுத்த தடவை இங்கிருந்து ஏதாவது வேஷம் கேட்டு வந்தால், உன் சொந்தக் குரலில் பேசி அனுப்பு, அது இன்னும் உன்னிடம் இருக்கிறது, கோபம் வந்தால் கேட்கிறது. நல்ல வேஷமும் நல்ல சாப்பாடும் உனக்குக் கிடைக்கட்டும், நன்றாக இரு.

நிலுவையில் இருப்பது இரண்டு. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இரண்டும் தெரிந்துவிடும், ஆனாலும் புதன் காலை நிலவரத்தை எழுதி வைக்கிறேன். வேஷம் எனக்கா, காட்சி மாறுமா என்பதை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்வதாக ஹேலி சொன்னாள். இன்னொன்று, படப்பிடிப்புக்கு நோரீனின் வீட்டு வாசலே வேண்டுமாம், அனுமதித் தாள் கையெழுத்தில்லாமல் அவள் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. "அவங்க வெள்ளிக்கிழமை சொல்லட்டும், நான் சனிக்கிழமை சொல்றேன்" என்கிறாள் நோரீன்.

அன்புடன்,
உன் அம்மா ஜானிஸ்