பேத்தியை யார் இடுப்பில் ஏற்றுவது

ஜூலை 10

மகன் வில்பெர்ட் போன் செய்தான். லீவுக்கு வருகிறார்களாம். என்னைப் பார்க்க அல்ல, எங்கள் மாயா முன்னோர் கட்டிய பாழுங்கோயில்களைப் பார்க்க. அதற்கு மூன்று நாள், பெற்றவளுக்கு ஒரு மத்தியானம். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கல் குவியல் அங்கேயேதான் கிடக்கிறது. என் கோழிக்கூட்டுக்கு அடியில் இருப்பதும் அந்தக் கல்தான். கோழிகள் ஒருநாளும் அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதில்லை.

பேத்திக்குப் பதினாறாம் தேதியோடு மூன்று மாதம் முடிகிறது. அடுப்புக்கு மூன்று கல், பெண்ணுக்கு மூன்று மாதம். அதற்குள் ஞானத்தாய் ஒருத்தி அவளை முதல்முதலாக இடுப்பில் கால் விரித்து உட்காரவைத்து, மேசையை ஒன்பது சுற்று சுற்றவேண்டும். தவறினால் நடை கோணும், புத்தி திறக்காது. அந்தச் சடங்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ரெனாட்டா ஓட்டல்ல சொல்லி ஏற்பாடு பண்ணிட்டாம்மா. கோயிலுக்கு முன்னாடியே செய்வாங்க."

ஓட்டலா!

ஜூலை 13

வந்தார்கள். மருமகள் ரெனாட்டா மொன்டெர்ரேக்காரி, வடக்கே பெரிய பட்டணம். பிள்ளைக்கு இஷ்செல் என்று பெயர். பழைய சாமி பெயராம். எங்கள் ஊரில் எவளும் வைத்ததில்லை, ஓட்டல் பலகையில்தான் பார்த்திருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். மருமகள் நெஞ்சில் ஒரு பை. அதில் பிள்ளை தொங்குகிறது, இரண்டு காலையும் தவளை மாதிரி விரித்துக்கொண்டு!

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து அத்தை. டாக்டரே நல்லதுன்னாரு."

ஆக, என் பேத்திக்கு ஞானத்தாய் ஒரு பை. தூக்குகிறவள் குணம்தானே பிள்ளைக்கு வரும்? வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, யார் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளப் போகிறாள்.

ஜூலை 14

பை மனுஷி இல்லை, அதனால் அது கணக்கில் சேராது. அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். கேட்டுத் தெளிய யார் இருக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் செத்தாயிற்று, என் நாத்தனார் நிக்கானோராவைத் தவிர. அவளோடு பேச்சு நின்று முப்பது வருஷத்துக்கு மேலே.

1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. வில்பெர்ட்டை இடுப்பேற்ற வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். சடங்குக்கு முட்டை அவித்து, பூசணி விதை வறுத்து, பொழுது சாயும்வரை காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் எதிர்வீட்டுச் சோம்பேறி தூக்கினாள். இவனும் அப்படியே ஆனான்.

ஜூலை 15

கோயிலுக்கு நானும் போனேன். "மாயா ஜனங்க திடீர்னு மறைஞ்சே போயிட்டாங்க" என்றான் வழிகாட்டி. அவன் பக்கத்தில்தான் நின்றேன். "மறைஞ்சுபோனவளுக்குத் தாகமா இருக்கு. தண்ணி வெச்சிருக்கியா?"

பிறகு ஓட்டலின் பூசாரி வந்தான். உடம்பெல்லாம் இறகு. மேசை இல்லை, முட்டை இல்லை. பிள்ளையை வாங்கி, நட்ட வெயிலில் சூரியனுக்கு நேரே தூக்கிக் காட்டினான். அது வீறிட்டது. நான் வாயெடுப்பதற்குள், வாசலில் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த நிக்கானோரா கூடையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"இறக்குடா பிள்ளைய! சேவல் வேஷம் கட்டிக்கிட்டு வந்துட்டான். உன்ன உங்கம்மா இப்படித்தான் கொடியில காயப்போட்டாளா?"

சேவல் இறக்கிவிட்டது. அது நான் திட்டியிருக்க வேண்டிய திட்டு.

ரெனாட்டா அழுதாள். "உங்க முறையிலயே செஞ்சிடலாம் அத்தை. யாரக் கூப்பிடறது?"

உழைப்பு, வாய், பயமில்லாத நெஞ்சு — இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? எழுதவே கை கூசுகிறது.

ஜூலை 16

விடிந்ததும் நிக்கானோரா வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை. "பேத்தியத் தூக்கணும். இந்தத் தடவையாவது வருவியா?"

அவள் தலை ஈரமாக இருந்தது. பெட்டியில் வைத்திருக்கும் பூத்தையல் உடுப்பை உடுத்தித் தயாராக இருந்தாள். "எப்பக் கூப்பிடுவியோன்னு உக்காந்திருக்கேன் அண்ணி."

"அன்னிக்கு ஏன் வரல?"

"என் புருஷன் அடிச்சிருந்தான். கண்ணு வீங்கிக் கிடந்துச்சு. அடி வாங்கினவ தூக்கினா பிள்ளைக்கும் அதானே வரும்? அதான் வரல."

"இத்தன வருஷமா சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட?"

ஜூலை 17

பிள்ளைகள் கிளம்பிப் போய்விட்டார்கள். நேற்று ஏழாவது சுற்றில் நிக்கானோராவுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் ஒன்பதையும் முடித்தாள். பேத்தி அவள் இடுப்பில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இன்று மத்தியானம் நிக்கானோரா தானாகவே வந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, செத்துப்போன அவள் புருஷனைத் திட்ட ஆரம்பித்தோம். இருட்டிவிட்டது. பாதிகூட முடியவில்லை.