ஒட்டுப்பாலுக்குள் கிடந்த ஈயக்குண்டுகள்

அத்தான், இன்று காலை உங்கள் முற்றமெல்லாம் ஒட்டுப்பால் நாற்றம். காட்டாக்கடை வியாபாரி டெம்போவோடு வந்திருந்தான். கருங்கல் மதிலை ஒட்டி நீங்கள் அடுக்கி வைத்த கட்டிகளை விற்றுவிடலாம் என்று அக்காள் என்னை வரச் சொல்லியிருந்தாள். ரப்பர் மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் பாலைச் சுரண்டி உருட்டிய அந்தக் கட்டிகள் நாறியபோது, நீங்கள் பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

நம் வழக்கு தொடங்கியதும் அந்த நாற்றத்தில்தானே? ஆரியங்கோட்டு விளையில் மரச்சீனிக் கிழங்கைப் பெருச்சாளி தோண்டித் தின்ற வருடம் நீங்கள் ஏர்கன் வாங்கினீர்கள். எந்தக் குண்டு நல்லது என்று பார்க்க ஒட்டுப்பால் கட்டியில் சுட்டு, கத்தியால் பிளந்தீர்கள். கூர்முனைக் குண்டு ஆழத்தில் கிடந்தது. தட்டைத் தலைக் குண்டு மேலாகவே நின்றுவிட்டது.

"கண்டியாலே அளியா, எதுக்கு ஆழம் உண்டுன்னு?"

மைத்துனனை நம் பக்கத்தில் அளியா என்பது பாசத்தில். உங்கள் வாயில் அது எப்போதும் கேலி.

பெருச்சாளி ரப்பர் அல்ல என்றேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணி சோப்பை நனைத்து, சதை போல இளகும்வரை ஊறவைத்து, சுட்டு, அறுத்துப் பார்த்தேன். கூர்முனை ஊசி போலப் போயிருந்தது. தட்டைத் தலை உள்ளே குழி பறித்திருந்தது. ஏர்கன்னுக்கு வலுவே கொஞ்சம்தான். அதை முழுக்க அந்த உடம்புக்குள் இறக்க வேண்டும். துளைத்துக்கொண்டு வெளியே போகும் குண்டால் என்ன பயன்? அடிபட்டது வளைக்குள் ஓடி, கிடந்து கிடந்து சாகும். தென்னை மண்டையில் இருக்கும் எலிக்கு, தூரத்துக்கு, உருண்டைத் தலை. மரச்சீனிச் செடியின் மூட்டில், பக்கத்தில், தட்டைத் தலை. அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

"துணி அலக்க சோப்பு இல்ல, இங்க ஒருத்தன் சோப்ப வெடி வச்சுக் கொல்லுதான்," என்று அக்காள் சிரித்தாள்.

"பெருச்சாளி குளிச்சிட்டாக்கும் வரும். அளியன் சோப்போட நிக்கட்டு," என்றீர்கள்.

பிறகு அந்தச் சாயங்காலம். மழை விட்டிருந்தது. மதிலோரத்து மூட்டிலிருந்து பெருச்சாளி வெளியே வந்து மூக்கை உயர்த்தியது. நீங்கள் முழங்காலிட்டுக் குறி பார்த்தீர்கள். அதற்குப் பின்னால் வெறும் கருங்கல். வலப்பக்கம், கோழிக்கூட்டை அடைக்க வந்த அக்காள்.

"அத்தான், பொறத்த கல்லாக்கும். கூர்முனை வேண்டாம்."

"மிண்டாத. வாயத் தொறக்காத."

"அக்கா அங்ஙன நிக்குதா."

"மிண்டாதன்னு சொன்னேம்லா!"

சத்தம் சிறியதுதான். உடனே கல்லில் இன்னொரு சத்தம். பெருச்சாளி ரத்தத்தோடு வளைக்குள் ஓடியது. அக்காள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்க கண்ணு... எனக்க கண்ணு..."

நெய்யாற்றின்கரை போய்ச் சேரும்வரை ஆட்டோவில் அவள் கையை எடுக்கவே இல்லை. விரல்களுக்கு இடையில் ரத்தம் ஒழுகியது. கை விலகினால் உள்ளே கண் இருக்குமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தக் கையை மெல்லப் பிரித்தாள். கிழிந்தது புருவம். கண் விழித்து நம் இருவரையும் பார்த்தது.

எனக்கு மூச்சு வருவதற்குள், ஓடிவந்த சொந்தக்காரர்களிடம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "எனக்க குறி சரியாக்கும். இவன் தோளுல பிடிச்சு வலிச்சான்."

நான் உங்களை இழுக்கவில்லை, தொடவே இல்லை. தொடவில்லை என்று அங்கேயே கத்தினேன். யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து என் பெயர் தோளுபிடி. "எலே, தோளுபிடி வாறாரு, சாயாவ கெட்டியா பிடிச்சுக்கோ," என்று தனுவச்சபுரம் பஸ் ஸ்டாப்பில் சிரிப்பார்கள். உங்கள் வாயால் மாற்றிச் சொல்லும்வரை உங்கள் முற்றத்தை மிதிக்க மாட்டேன் என்றேன். மிதிக்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கடைசியில் செத்துக் கிடந்த உங்களைத் தூக்கத்தான் வந்தேன்.

இன்று வியாபாரி, உள்ளே கல் இருக்கிறதா என்று ஒரு கட்டியைப் பிளந்தான். கத்தி எதிலோ உரசியது.

"இதெந்தா மாமா? வெயிட்டு கூட்டான் ஈயம் இட்டதா?" கத்தியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். "கள்ளக் கச்சவடம் நம்மோடு வேண்டா." ஏற்றிய கட்டிகளையும் இறக்கத் தொடங்கினான்.

கத்தியைப் பிடுங்கி நானே அறுத்தேன். அடுத்த கட்டியையும் அறுத்தேன். ஈயக்குண்டுகள், நசுங்காமல், வாங்கியது போலவே. எல்லாம் தட்டைத் தலை. கூர்முனை ஒன்றுகூட இல்லை.

அக்காளைப் பார்த்தேன். அவள் கை புருவத் தழும்புக்குப் போனது.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த உடனே கூர்முனைய எல்லாம் தூரக் களஞ்சாரு மக்கா. கல்லுல பட்டுத் தெறிக்காம இருக்கதுக்காக்கும் இத அடுக்கினாரு. உனக்கிட்ட மட்டும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

"எதுக்கு?"

"அளியனுக்குத் தெரிஞ்சா பின்ன அவன் முன்ன நிக்க முடியாதுன்னு."

"தோள்ல பிடிச்சேன்னு சொன்னது?"

அவள் தரையைப் பார்த்தாள். "வெடிக்கு முன்ன நான் திரும்பிப் பாத்தேன். உனக்க ரெண்டு கையும் உனக்க முட்டுலதான் இருந்தது. கெட்டினவன பொய்யன்னு நான் எங்ஙன மக்கா சொல்லுவேன்?"

பிறகு, முன்பின் தெரியாத அந்த வியாபாரியிடம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "வெயிட்டுக்கு இல்ல பிள்ளே! எனக்க வீட்டுக்காரரு சுட்டது. எனக்க தம்பி சொன்ன குண்டு வச்சு சுட்டது!"

அவனுக்கு அதில் என்ன? ஈயத்தின் எடையைக் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். விற்பதற்கு இல்லை என்று அவனை அனுப்பிவிட்டேன். கட்டிகளைத் திரும்ப மதிலோடு நானே அடுக்கினேன். பெருச்சாளி இன்னும் வருகிறது, அத்தான்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்கு முற்றம் திறந்திருக்கும். உங்களோடு உட்கார்ந்து எத்தனை சாயங்காலம் சுட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தையை ரப்பருக்குள் புதைத்துவிட்டுப் போனீர்கள்.

சாயங்காலம் உங்கள் துப்பாக்கியை எடுத்தேன். அக்காளை உள்ளே போகச் சொல்லி, கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு முழங்காலிட்டேன். ஒட்டுப்பாலிலிருந்து எடுத்த குண்டு ஒன்று சட்டைப் பையில் கனத்தது. மதிலுக்கு முன்னால் மண் அசைந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்: நீங்கள் அடுக்கிய கட்டிகள். 'மிண்டாத' என்று என் காதுக்குள் நீங்கள்.

மிண்டவில்லை. ஆனால் தோளில் ஒரு கை வந்து பிடிக்குமா என்று ஒரு நொடி காத்திருந்துதான் சுட்டேன்.