மீனுக்குத் தண்ணீர் தெளித்த மூன்று நாட்கள்

மயிலாப்பூர்,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள லிசா சித்திக்கு,

ஷெரில் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய செய்தியை அம்மா படித்துக் காட்டினாள். எரிக்குக்குச் சளி குறைந்ததா? நிஷா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாளா? இங்கே அப்பாவுக்கு முதுகு வலி, அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாள். மற்றபடி எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நான் நன்றாக இல்லை.

உங்கள் மருத்துவமனையில் வேலை செய்யும் லூர்துமேரி ஆன்ட்டி நாளைக் காலை ஐந்து மணிக்கு வந்து உங்கள் பார்சலை வாங்கிக்கொண்டு விமான நிலையம் போகிறார். மிளகாய்த்தூள், வடகம், எரிக்குக்குக் கஞ்சி மாவு எல்லாம் அம்மா கட்டி வைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தைக் கஞ்சி மாவு டப்பாவின் மூடிக்கு அடியில் வைக்கப்போகிறேன். போனில் சொல்ல முடியவில்லை. நீங்கள் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். இரண்டு தடவை வாயைத் திறந்துவிட்டு, எரிக் என்ன சாப்பிட்டான் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இப்போது சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சித்தி, பாலவாக்கத்தில் அந்த மீன்காரம்மா எரிக்கைத் திருடவில்லை. அவரை எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது பொய்.

முதலிலிருந்து சொல்கிறேன். தீம் பார்க்கில் முதல் நாள் எரிக் என்ன செய்தான் என்று உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் உயரம் அளந்தார்கள், எந்த ராட்டினத்துக்கும் அவன் உயரம் போதவில்லை. பெரிய தலை வைத்த கரடி வேஷக்காரர் கை கொடுக்க வந்ததும் வாந்தி வரும்வரை அழுதான். மீதி மூன்று நாளும் நான் அவனைப் பாலவாக்கத்தில் நாம் எடுத்திருந்த வாடகை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று நானே சொன்னேன். நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு, 'தங்கமான பொண்ணு' என்றீர்கள். நான் தங்கம் இல்லை. படம் எடுத்து அனுப்ப உங்கள் பழைய போனைத் தருவதாகச் சொன்னீர்களே, அதற்காகத்தான்.

என்னவெல்லாம் விளையாடலாம் என்று நீங்கள் ஒரு பட்டியலும் அனுப்பினீர்கள். சோப்புக் குமிழி, தரையில் கலர் சாக்பீஸ், இலை பொறுக்கி ஒட்டுவது, கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, திருவான்மியூர் பஸ் நிலையத்தில் பஸ் காட்டுவது, கோட்டூர்புரம் நூலகத்தில் படப் புத்தகம். செலவே இல்லாத விளையாட்டுகள். கடைசியில், 'குப்பத்துப் பக்கம் கூட்டிப் போகாதே, கண்ட தண்ணியில கை வைப்பான்' என்று எழுதியிருந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிலையத்தில் புறப்படுகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டாட்டா காட்டினான். ஒரு கண்டக்டர் திரும்ப டாட்டா காட்டியதும் குதித்தான். அது நிஜம். ஆனால் நூலகத்தில் ஐந்து நிமிஷம்கூட உட்காரவில்லை. சாக்பீஸைத் தின்றான். குமிழித் தண்ணீரைக் கொட்டினான். வீட்டுக்கு வந்து அழுகையை நிறுத்தவே முடியவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு மாற்றி மாற்றி மூன்று சட்டை போட்டு, குமிழி, சாக்பீஸ், இலை எல்லாவற்றோடும் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மஞ்சள் சட்டைப் படம் செவ்வாய்க்கிழமை, நீலம் புதன், கோடு போட்டது வியாழன் என்று அனுப்பினேன். நீங்கள் பார்க்கில் வரிசையில் நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டீர்கள்.

உண்மையில் மூன்று நாளும் அவன் விளையாடியது பாஞ்சாலி அம்மாவிடம். நம் வாடகை வீட்டுச் சந்து கடற்கரையில் முடிகிற இடத்தில் படகு நிழலில் உட்கார்ந்து மீன் விற்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை அழுதுகொண்டிருந்த எரிக்கைத் தூக்கிக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனபோது, 'இன்னா நைனா, இன்னாத்துக்கு இம்மாம் அழுவ? வா, மீனுக்குக் குளிக்க ஊத்து' என்று ஒரு குவளையைக் கையில் கொடுத்தார். மீன் காயாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். அவ்வளவுதான், எரிக்கின் அழுகை நின்றுவிட்டது. சங்கரா மீனுக்கு ஒரு கை, நெத்திலிக்கு ஒரு கை, அந்த அம்மாவின் காலுக்கு ஒரு கை என்று தெளித்தான். 'டேய், நானும் மீனா?' என்று அவர் கேட்டதும் அவன் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைத்தான் நான் படம் எடுக்கவில்லை.

உடைந்த தெர்மாகோல் பெட்டியில் அவனை உட்காரவைத்து மணலில் இழுத்தார். வலையில் கட்டுகிற மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டார். நண்டு வளைக்குள் விரல் விடப் போனவனை, 'அது உன்னிய விட ரோசக்காரன்டா' என்று தடுத்தார். மண்ணாங்கட்டி என்பது அவருடைய கணவர் பெயர். அவர் கடலுக்குப் போய்விட்டு வந்தால், அந்த அம்மாவிடம், 'உன் புது முதலாளி வந்துகிறான், எழுந்து வணக்கம் சொல்லு' என்று கேலி செய்வார். ஒவ்வொரு நாளும் நாங்கள் போகும்முன் பாஞ்சாலி அம்மா எரிக்கின் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுவார். 'உங்க சித்தி நர்சாச்சே, மோந்து பாத்துடப் போறாங்க' என்பார். நான்தான் சொல்லியிருந்தேன். எரிக் அவரை மீன் ஆயா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை மதியம் வீட்டு முன்வாசலில் அவனை உட்காரவைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உங்களிடம் சொன்னது போலப் பாத்ரூமுக்குப் போகவில்லை. போனில் என் தோழிகள் யாருக்கு எத்தனை லைக் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் தாழ்ப்பாளை நான் போடவில்லை. நிமிர்ந்தபோது எரிக் இல்லை. அவன் தனியாக அந்தச் சந்து முழுக்க நடந்து, தண்ணீர் தெளிக்கும் வேலைக்குப் போய்விட்டான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும் சித்தி. அங்கிருந்து கடல் எத்தனை பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்டுக்கு ஓடியபோது பாஞ்சாலி அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்துக்குள் வந்துகொண்டிருந்தார். நம் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். 'புள்ளய வுட்டுட்டு இன்னா பண்ற நீ?' என்று தூரத்திலிருந்தே என்னைத் திட்டினார். அந்த நேரம் பார்த்து, நிஷாவுக்குத் தலை சுற்றியது என்று நீங்கள் சீக்கிரம் திரும்பி வந்தீர்கள். கார் கதவைத் திறந்ததும் யாரோ ஒருத்தி உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் உங்கள் கண்ணில் பட்டது. நீங்கள் அலறியதில் தப்பே இல்லை. எந்த அம்மாவும் அலறுவாள்.

அதற்குள் டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். 'புள்ள புடிக்கிறவ' என்று யாரோ கத்தினார். ஒருவர் பாஞ்சாலி அம்மாவின் கையை முறுக்கினார், வளையல் உடைந்து ரத்தம் வந்தது. நீங்கள் பிடுங்கி வைத்திருந்த எரிக் உங்கள் கையிலிருந்து திமிறி, அவரிடம் போக வேண்டும் என்று அழுதான். 'பாரு, புள்ளைக்கு மயக்க மருந்து குடுத்துட்டா' என்றார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி இவளை உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பாஞ்சாலி அம்மாவும் என்னைத்தான் பார்த்தார். 'சொல்லு பாப்பா. நீ சொல்லும்மா' என்றார்.

தெரியும் என்றால் குப்பத்துக்குப் போனதைச் சொல்ல வேண்டும். சட்டை மாற்றியதைச் சொல்ல வேண்டும். போனைத் திருப்பித் தர வேண்டும். இவ்வளவும் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். தெரியாது சித்தி என்றேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சித்தப்பா படம் எடுத்தார். போலீஸ்காரர்கள் வந்தார்கள். மறுநாள் விமானம் என்பதால் நீங்கள் புகார் எழுதித் தரவில்லை, அவரை எச்சரித்து அனுப்பினார்கள். நீங்கள் என்னை முத்தமிட்டு, 'நீ மட்டும் வெளிய வரலேன்னா என் புள்ள போயிருப்பான்' என்று சொல்லி அந்தப் போனை எனக்கே கொடுத்துவிட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சில் நன்றித் திருப்பலிக்குப் பெயர் கொடுத்தாள். பாடகர் குழுவில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே சாமியார் மைக்கில் வாசித்தார்: ஷெரிலின் விழிப்பால் காப்பாற்றப்பட்ட குழந்தை எரிக்குக்காக நன்றி செலுத்துவோம். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். சாமியாருக்கு என் குரல் தெரியும் என்று நினைத்து, என் முறை வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் நம் குடும்பக் குழுவில் மட்டும்தான் அந்தப் படத்தைப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கெங்கோ சுற்றிவிட்டு எங்கள் டியூஷன் குழுவுக்கே வந்துவிட்டது சித்தி. நீங்கள் பேசி அனுப்பிய குரல் செய்தியும் கூடவே வருகிறது. இப்போது அதன் கீழே, இவள் ஒரு கும்பலைச் சேர்ந்தவள், பார்த்தால் விடாதீர்கள் என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

நேற்று நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாலவாக்கம் போனேன். படகு நிழலில் பாஞ்சாலி அம்மா இல்லை. பக்கத்தில் மீன் விற்கிற ரோஸி என்பவரிடம் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே எழுதுகிறேன்: 'அவ எங்க வர்றா? திருவான்மியூர் மார்க்கெட்டுல நாலு பேரு போன்ல படத்த வச்சிப் பாத்து, தலையில கீற கூடைய இழுத்துத் தள்ளிட்டானுங்க. மண்டையில மூணு தையல். கதவச் சாத்திகினு படுத்துனுகீறா. அந்த வூட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சாம். அது வாயத் தொறந்திருந்தா போதும். நீ யாரும்மா?'

சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் வீடு எது என்றுகூடக் கேட்கவில்லை. அவரைத் தெரியாதவள் போல நின்றது இது இரண்டாவது தடவை.

சித்தி, படத்தை அழித்தால் மட்டும் போதாது. உங்கள் குரலைக் கேட்டுத்தான் எல்லோரும் நம்புகிறார்கள், நீங்களே மறுபடி பேசினால்தான் நம்புவார்கள். இன்னொருவர் கல்லை எடுக்கும்முன் பேசுங்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். போனையும் இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். எரிக் மூன்று நாள் எங்கே இருந்தான் என்று இனி உங்களுக்குத் தெரியும். அவன் என்ன கேட்டு அழுகிறான் என்றும் புரியும்.

ஆன்ட்டியின் கார் தெருமுனை திரும்பியதும் நான் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் சொன்னால் பயத்தில் இதைக் கிழித்துவிடுவேன். அப்பாவோடு பாஞ்சாலி அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கதவைத் திறப்பாரா தெரியவில்லை.

அடுத்த பக்கம் உங்களுக்கு அல்ல. அதைப் படம் எடுத்து, நீங்கள் பேசும் செய்தியோடு அனுப்புங்கள். எரிக்குக்கும் நிஷாவுக்கும் என் முத்தங்கள். கடவுள் உங்கள் நால்வரையும் காக்கட்டும். என்னை உடனே மன்னிக்க வேண்டாம், முதலில் இதைச் செய்யுங்கள்.

உங்கள் அக்காள் மகள்,
ஷெரில்

*

எல்லோருக்கும்,

இந்தப் படத்தில் இருப்பவர் பாஞ்சாலி. பாலவாக்கத்தில் மீன் விற்கிறார். குழந்தையைத் திருடவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாகக் கடற்கரைக்கு வந்துவிட்ட குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் சேர்த்தார். அவரை எனக்கு மூன்று நாளாகத் தெரியும். கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னேன். அதனால் அவருக்குக் கையிலும் தலையிலும் காயம்.

படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, தயவுசெய்து அவர்கள் ஒவ்வொருவருக்கும் இதையும் அனுப்புங்கள். திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள். கீழே இருப்பது என் முழுப் பெயர்.

வி. ஷெரில் மேரி,
தகப்பனார் பெயர் வில்லியம்,
பத்தாம் வகுப்பு,
மயிலாப்பூர்.