விர்ட் என்றால் இனிமேல்தான்

வியாழக்கிழமை, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஜெர்மன் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கை உள்ளே போனால் பிரஸ் மெஷினை நிறுத்தும் சென்சார் பழுது. நேற்று வந்து பார்த்துப் போன ஜெர்மன் இன்ஜினியர் காலையில் மெயில் அனுப்பியிருந்தார். அதில் 'வுர்ட' என்றிருந்தால் சென்சாரை மாற்றியாயிற்று. 'விர்ட்' என்றால் இனிமேல்தான் மாற்றுவார்கள். இருந்தது 'விர்ட்'. மேனேஜரிடம் தெளிவாகச் சொன்னேன்.

"இன்னாம்மா பெரிய வித்தியாசம்? ஓட்டச் சொல்லு" என்றார்.

ஓட்டினார்கள். அந்த மெஷினில் வேலை செய்யும் செல்வி அக்கா கையை வைத்திருக்கும்போதே பிரஸ் இறங்கியது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். கையுறைதான் நசுங்கியது.

மதியம் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். என் மொழிபெயர்ப்புத் தவறுதான் காரணம் என்று அதில் எழுதியிருந்தது.

"சும்மா ஃபார்மாலிட்டி. கையெழுத்து போட்டுட்டு போ."

அதன் கீழேயே, 'இன்னும் மாற்றவில்லை என்றுதான் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு எச்.ஆர். முன்னால் நிற்க வேண்டுமாம். நிற்கிறேன்.

கம்பெனி பஸ்ஸில் செல்வி அக்கா என்னையே திட்டினாள். "இன்னாத்துக்குடி உனக்கு வம்பு? எனக்குதான் ஒண்ணும் ஆவலையே."

சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தாள். இரண்டு முறை திருகியும் முடியவில்லை. மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன்.